நூர்ஜஹான் அம்மாள் ஏறினால் தட்டும் இஞ்சின்

முத்தியால்பேட்டை கோவிந்தசாமியின் மூத்த குமாரன் தட்சிணாமூர்த்தி என்னும் நான், எழுபத்து மூன்று வயது நிறைந்தவன், பெட்ரோல் கார்களின் தீப்பொறி நேரத்தைச் சீர்செய்வதைத் தொழிலாகக் கொண்டவன், வாசகப் பெருமக்களுக்கு அறியத்தருவது: சத்தம் போடுகிற காரை நான் ஒருநாளும் வெறுத்ததில்லை, பட்டறை வாசலுக்கு வந்ததும் சத்தத்தை நிறுத்திக்கொண்டு சாதுவாக நிற்கிற காரைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை.

உங்களிலும் பலர் இந்தத் துன்பத்தை அனுபவித்தவர்களாகவே இருப்பீர்கள். "இப்பத்தாங்க கேட்டுச்சு, வழியெல்லாம் கேட்டுச்சு" என்று மெக்கானிக்கின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு, அமைதியாக ஓடும் இஞ்சினின் அருகே அசடு வழிய நின்றிருப்பீர்கள். நீங்கள் நின்ற இடத்திற்கு எதிரே நின்றவன் நான். நம் இருவருக்கும் வேதனை ஒன்றே.

நான் எந்தப் பாலிடெக்னிக்கின் படியையும் மிதித்தவன் அல்லேன். கற்றதெல்லாம் இஞ்சினிடமும், கையில் கிடைத்த அச்சடித்த தாள்களிடமும்தான். இக்காலக் கார்களில் என் வேலையைக் கணினி செய்துவிடுகிறது. அவற்றின் சொந்தக்காரர்கள் என்னிடம் வருவதில்லை. எனக்கும் அதில் குறையில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய கார்களை விடாமல் வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் நானும் ஒருவரையொருவர் விட்டுப் போக முடியாதவர்களாக இருந்து வருகிறோம்.

முன்பணம் அன்று

பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்ந்த பிறகு பொறி விழுந்தால் பயனில்லை. பெட்ரோல் எரிவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும் ஆதலால், பிஸ்டன் வந்துகொண்டிருக்கும்போதே பொறியை முந்தி விழச் செய்ய வேண்டும். இந்த முந்துதலுக்குத் தொழிலில் 'அட்வான்ஸ்' என்று பெயர். துரதிருஷ்டவசமாக, நம் நாட்டில் இந்தச் சொல்லை வீட்டுச் சொந்தக்காரர்களும் கல்யாண மண்டபத்துக்காரர்களும் நமக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஜமால் பாய் செருப்புக் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். அவருடைய கார் உருண்டை முகப்பு விளக்கும் அகன்ற பின் இருக்கையும் கொண்ட, பூச்சரம் சுற்றிக் கல்யாண ஊர்வலங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய, அந்த வகைக் கார். 'பிக்கப்' வரும் என்று யாரோ ஒருவர் பொறி நேரத்தை அளவுக்கு மீறி முன்னால் தள்ளி வைத்திருந்தார். என்னிடம் முதன்முறையாக வந்த பாய், காரை விட்டுவிட்டு வீட்டிற்குப் போயிருந்தார். சோதித்து முடித்த நான் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "அட்வான்ஸ் ரொம்ப அதிகமா இருக்கு பாய், குறைக்கணும்" என்று சொன்னேன். எதிர்முனையிலிருந்து மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது:

"தாராளமா குறைங்க மேஸ்திரி, நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நான் இன்னும் ஒண்ணுமே குடுக்கலயே?"

முசேயின் சொல்

அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லைக் கைவிட்டு, அந்துவான் முசேயின் சொல்லை எடுத்துக்கொண்டேன். 'முசே' என்பது எங்கள் ஊரில் ஒட்டிக்கொண்ட பிரெஞ்சு 'ஐயா'. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. பொறி முந்தி விழுந்தால் 'அவான்ஸ்', பிந்தி விழுந்தால் 'ரெத்தார்' என்று அவர் சொல்லுவார். முன்பணம் கேட்கிறான் என்ற அவப்பெயருக்கு இடம் தராத சொற்கள் என்பதால் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

முசேயின் காருக்கு வேறு நோய். கோயிலுக்கும் கடற்கரைக்கும் மெல்லப் போய்வரும்போது குறையே தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமெடுத்தால் இழுக்காமல் துவண்டுவிடும். காரணம் எளிது. வேகம் எவ்வளவு கூடினாலும் பெட்ரோல் எரிவதற்குப் பிடிக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடாது. பிஸ்டனோ விரைந்து வந்து விரைந்து போய்விடுகிறது. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முந்த வேண்டும். இதற்காகவே, பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைகள் உண்டு. சுழற்சியின் வேகத்தில் அவை வெளிப்புறமாக விரிந்து பொறியை முன்னால் தள்ளும். முசே ஆண்டுக்கணக்கில் மெல்ல ஓட்டியதால் அவருடைய காரின் எடைகள் விரியும் பழக்கத்தையே மறந்து இறுகிப்போயிருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து எண்ணெயிட்டு, வாரம் ஒருமுறையாவது வேகமாக ஓட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வேகத்துக்குத் தக்கபடி பொறி முந்தவில்லை என்பதே குறை என்று விளக்கியதும் முசே நிமிர்ந்து நின்றுகொண்டு கேட்டார்:

"பட்டாளத்துல நாங்க ரெத்தார் ஆனா வெயில்ல நிக்க வெப்பான். உன் நெருப்புக்கு மட்டும் எண்ணெ தேச்சி விடுறியா?"

பாயின் வேடிக்கைப் பேச்சு

பிறகு ஒரு நாள் ஜமால் பாய் தம் மனைவி நூர்ஜஹான் அம்மாளோடு வந்தார். அம்மாள் பின் இருக்கையில் இருந்தார். பாய் இறங்கி வந்து என் தோளில் கை வைத்து, பக்கத்துக் கடைக்கும் கேட்கிற குரலில் புகாரைச் சொன்னார். தாம் தனியே ஓட்டினால் கார் வெண்ணெயாய்ப் போகிறதாம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாளை அவருடைய தங்கை வீட்டிற்கு, அரியாங்குப்பத்திற்கு, அழைத்துப் போகும்போது மட்டும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல இஞ்சின் தட்டுகிறதாம். "இவ ஏறினா மட்டும் அழுவுது மேஸ்திரி. பாரம் தாங்கல போல!" என்று சொல்லித் தாமே சிரித்தார். பக்கத்துக் கடை சிவலிங்கமும் சிரித்தார். சிவலிங்கம் தாம் வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு வெல்டிங் தொழிலுக்கு வந்தவர். யார் சிரித்தாலும் சேர்ந்து சிரிக்கும் சுபாவம் உடையவர்.

நான் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அம்மாள் கதவைத் திறந்து இறங்கினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அடுத்த மாதம் தங்கை மகளுக்கு நிக்காஹ் என்பது எனக்கும் தெரியும். பெண்ணுக்குப் பெரியம்மா என்ற முறையில் முன்னால் நிற்க வேண்டியவர் அவர். கணவரைப் பார்த்து அவர் சொன்னது தெருவில் எல்லாருக்கும் கேட்டது:

"நிக்காஹுக்கு நீங்க உங்க கார்ல வாங்க, நான் ஆட்டோல வரேன். ஏன் தனியா வர்றேன்னு சம்பந்தி வீட்டுல கேட்டா, இப்ப சொன்னத அங்கயும் சொல்லுங்க."

மேடில்லாத ஊர்

விஷயம் வேடிக்கை அன்று என்பது பாய்க்கு அந்த வாரமே விளங்கிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாள் உண்மையிலேயே ஆட்டோவில் போய்விட்டார். பாய் காரைக் கொண்டுவந்து என்னிடம் விட்டு, "எப்படியாவது சத்தத்த நிறுத்திடுங்க" என்றார். பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கை வைத்து நான் பொறி நேரத்தைப் பார்த்தேன், அணுவளவும் பிசகவில்லை. காரை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலை, மிஷன் வீதி, மறுபடியும் முத்தியால்பேட்டை என்று சுற்றினேன். கார் ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. எங்கள் ஊர் தட்டில் வைத்த தோசையைப் போலச் சமமானது. இங்கே ஓர் இஞ்சினைக் கஷ்டப்படுத்திப் பார்க்க விரும்புகிறவன் மேட்டைத் தேடி வெளியூர்தான் போக வேண்டும்.

பாய் விடவில்லை. அவருடைய மனத்திருப்திக்காகப் பொறியைச் சற்றே ரெத்தார் செய்து கொடுத்தேன். அப்படிச் செய்தால் எந்த இஞ்சினும் தட்டாது. ஆனால் எதற்கும் உற்சாகம் காட்டாது, சூடேறும், பெட்ரோலும் குடிக்கும் என்று எச்சரித்தும் அனுப்பினேன். அவர் இரண்டே நாளில் திரும்பி வந்து, சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"சத்தம் போயிடுச்சு மேஸ்திரி. கூடவே காரும் போயிடுச்சு."

ஆட்டோவில் வந்த நியாயம்

பொறியைப் பழைய இடத்திற்கே திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நூர்ஜஹான் அம்மாள் இறங்கினார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. வேறொரு பட்டறையில் இஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பதாகவும், கணவர் அதற்கும் தயாராகிவிட்டதாகவும் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்: "அண்ணே, ஒண்ணு சொல்லுங்க. என்னாலதான் சத்தம் வருதுன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?"

பாரம் கூடினால் இஞ்சின் தட்டுவது உண்டு என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சொன்னது உண்மை, சொல்லும்போது முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. அம்மாள் கோபிக்கவில்லை. "பாரம்னா நான் ஒருத்திதானா? பின்னாடி பேரப் பசங்க ரெண்டு பேரு. டிக்கியில தங்கச்சிக்குக் குடுக்கிற பாத்திரம், துணி மூட்டை. முன்னாடி இவரு. இவரு என்ன காத்தா?" என்றார். சிவலிங்கம் அந்தப் பக்கத்திலிருந்து வெல்டிங்கை நிறுத்திவிட்டார். அடுத்து அம்மாள் கேட்ட கேள்வியை, நானோ பாயோ வேறெவருமோ அதுவரை கேட்டுக்கொள்ளவே இல்லை:

"நான் இல்லாம அந்த அரியாங்குப்பம் பாலத்துல இவரு ஒரு தடவையாச்சும் இவ்வளவு பாரத்தோட ஏறியிருக்காரா? ஏத்திக் காட்டச் சொல்லுங்க. அப்பவும் சத்தம் வரலன்னா, என் உடம்புதான்னு நானே ஊருக்குச் சொல்றேன்."

மூன்று கிழவர்கள், கொஞ்சம் இரும்பு, ஒரு பாலம்

எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்லத்தக்கது ஆற்றைக் கடக்கும் அரியாங்குப்பம் பாலத்தின் ஏற்றம்தான். பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, வேகம் இல்லாமலேயே மிதித்து ஏற வேண்டும். ஆக, நூர்ஜஹான் அம்மாள் ஏறும்போது சத்தம் வந்ததா, பாலம் ஏறும்போது சத்தம் வந்ததா என்பதை இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அறிய முடியும்.

அன்று மாலையே பாயை வரவழைத்தேன்; அவர் ஓட்டினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் சிவலிங்கமும், தம் காரை எடுக்க வந்து இதில் அகப்பட்டுக்கொண்ட அந்துவான் முசேயும். பாத்திரங்களுக்கும் மூட்டைக்கும் ஈடாகச் சிவலிங்கத்தின் கடையிலிருந்து இரும்புத் துண்டுகளை டிக்கியில் ஏற்றினோம். அம்மாள் பட்டறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடிவு தெரியாமல் வீட்டிற்குப் போவதில்லை என்றார். அவர் பந்தயமாக வைத்தது தம் மானத்தை. ஆதலால் பாரமாக ஏறிய கிழவர்கள் நாங்கள் மூவரும் இஞ்சினுக்கே காது கொடுத்துக்கொண்டு போனோம். கடலூர்ச் சாலையில் கார் சுகமாக ஓடியது. "தட்டலயே" என்று பாய் ஒருமுறை சொன்னார். அந்தக் குரலில் மகிழ்ச்சி இல்லை. தம் வேடிக்கைப் பேச்சு உண்மையாகிவிடுமோ என்று அவரே பயந்துபோயிருந்தார் என்று எனக்குத் தோன்றிற்று.

பாலத்தின் ஏற்றம் தொடங்கியது. முன்னால் பேருந்து. பாய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இஞ்சின் தகர டப்பாக் கூழாங்கல்லாய்த் தட்டியது, உச்சிவரை தட்டியது, இறக்கத்தில் கப்சிப் என்று அடங்கியது. கார் தட்டுவதைக் கேட்டு ஒரு மெக்கானிக் ஆனந்தப்பட்டது உலகில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம். முசே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். சிவலிங்கம் முன்னால் குனிந்து பாயின் காதருகே மெல்லக் கேட்டார்:

"இப்ப யாரு உடம்ப சொல்லுவீங்க பாய்? முசேயோடதையா, என்னோடதையா?"

போனது திரும்பவில்லை

காரணத்தைத் தேடுவது இனி எளிதாயிற்று. வேகத்துக்கு எடைகள் இருப்பதுபோல, பாரத்துக்கென்று டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சிறு டப்பா உண்டு. அதிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். லேசாக மிதித்துச் சமதரையில் ஓடும்போது இஞ்சினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவை குறைவு. அது நிதானமாக எரியும். அப்போது இஞ்சினின் உறிஞ்சும் விசை அந்தக் குழாய் வழியே ஒரு தட்டை இழுத்துப் பொறியை முந்தச் செய்யும். பாரத்தோடு மேட்டில் அழுத்தி மிதித்தால் கலவை நெருக்கி நிறையும், சட்டென எரியும். அந்தச் சமயத்தில் முந்திய பொறி ஆகாது. ஆதலால் உறிஞ்சும் விசை விட்டுப்போய், தட்டு தானே பின்னுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால், இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் தீ அறைகிறது. நாம் கேட்கும் தட்டல் இதன் விளைவே.

குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு ஒழுங்காக முன்னால் போயிற்று. எங்கள் தொழிலில் எல்லாரும் இத்தோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். நான் வாயை எடுத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். தட்டு, வெயிலில் நடக்கும் நத்தையைப் போல, ஊர்ந்து ஊர்ந்து திரும்பியது. கடற்காற்றின் உப்பு அதன் அச்சில் துருவாகப் பூத்திருந்தது. பட்டறைக்கு வந்து கார் சற்று நேரம் சும்மா ஓடினால் தட்டு தானே வீடு திரும்பிவிடும். விளக்கு வைத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். காரின் கபட நாடகம் இவ்வளவுதான். இஞ்சினைப் பிரிக்கத் தேவையே இல்லை. அச்சைத் தேய்த்துச் சுத்தம் செய்து, விட்டதும் சட்டென்று திரும்பும்படி செய்தேன். கார் சரியாகிவிட்டது, அம்மாளுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று பாயிடம் சொன்னேன். அம்மாள் அதற்குள் சோதனையின் முடிவைக் கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போயிருந்தார். பாய் தலையைச் சொறிந்தார்:

"நான் சொன்னா நம்ப மாட்டா மேஸ்திரி. நான் சொல்லித்தானே இவ்வளவும் வந்துச்சு."

முன் இருக்கை

ஆகவே தூது போகும் கடமை என்னுடையதாயிற்று. அம்மாள் வீட்டுக் கதவருகே நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். தட்டு என்றால் என்ன, அவான்ஸ் என்றால் என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, பேரப் பிள்ளைகள், பாத்திரங்கள், துணி மூட்டை என எதுவும் குறையக்கூடாது. மற்றொன்று, தாம் பின்னால் உட்காரப்போவதில்லை; முன் இருக்கை வேண்டும். என்னோடு வந்திருந்த பாய் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதாக ஒன்றைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் பின் இருக்கையில், இரு பிள்ளைகளுக்கு நடுவே, மடியில் ஒரு சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் கூட வந்தால்தான் ஏறுவேன் என்பது அம்மாள் கடைசி நேரத்தில் சேர்த்த நிபந்தனை. பாலம் வந்தது. வழக்கம்போல முன்னால் ஒரு பேருந்து, அதன் வாலில் நாங்கள். பாய் மிதித்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கூர்மையாக்கினேன். இஞ்சின் ஆழ்ந்த குரலில் உறுமிக்கொண்டு, ஒரு தட்டலும் இன்றி, அத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு ஏறியது. எனக்குக் கண் கலங்கியதற்குப் பாத்திரத்திலிருந்து எழுந்த ஆவி காரணமாக இருக்கலாம்.

பாய்க்குத் தாளவில்லை. "பாத்தியா நூரு? சத்தமே இல்ல பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், இது கார் கோளாறுதான்னு..." என்று தொடங்கினார். அம்மாள் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். திரும்பாமலேயே சொன்னார்:

"காரு வாய மூடிக்கிச்சு. நீங்களும் மூடிக்கிட்டீங்கன்னா நிக்காஹுக்கும் இதே சீட்டுல வரேன்."

ஆகவே, பாரம் ஏறும்போது பொறி சற்றே பின்வாங்க வேண்டும் என்னும் விதி காரோட்டும் கணவரின் நாக்குக்கும் பொருந்தும் என்பது, தை மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமையன்று, ஜும்மா தொழுகை முடிந்த பின், அரியாங்குப்பம் பாலத்தின் மேல் ஐயமறத் தீர்மானமாயிற்று.